சிறு கொல்லைப்புறத் தள அமைப்பு

சிறு கொல்லைப்புறத் தள அமைப்பு என்பது நகர வீடுகளின் பின்புறம் உள்ள குறுகிய திறந்தவெளியில் தளம், நடைபாதை, படி, திண்ணை, தாழ்சுவர், வடிகால், பந்தல் முதலியவற்றை அமைத்து, அவ்விடத்தை உட்காரவும் துணி உலர்த்தவும் குழந்தைகள் விளையாடவும் ஏற்றதாக ஆக்கும் பணியாகும். நில வடிவமைப்பில் செடி, கொடி, புல், மரம் ஆகியவை மென்பகுதி என்றும், கல், செங்கல், சிமெண்டு, மரச்சட்டம், இரும்பு ஆகியவற்றால் ஆனவை வன்பகுதி என்றும் பிரிக்கப்படுகின்றன. வன்பகுதியை அமைக்கும் பணி ஆங்கில வழக்கில் ஹார்ட்ஸ்கேப்பிங் எனப்படுகிறது.

சிறிய இடத்தில் இப்பணியின் வெற்றி, எவ்வளவு பரப்பில் தளம் போடப்பட்டது என்பதைவிட எவ்வளவு பரப்பு மண்ணாக விடப்பட்டது என்பதைப் பொறுத்தே அமைகிறது. மழைக்காலத்தில் வெள்ளத்தையும் கோடையில் தண்ணீர்த் தட்டுப்பாட்டையும் மாறிமாறிச் சந்திக்கும் சென்னை போன்ற நகரத்தில் இது அழகு சார்ந்த கேள்வியாக மட்டும் இல்லை. வீட்டுக் கிணற்றில் தண்ணீர் இருக்குமா என்ற கேள்வியும் அதனுள் அடங்கியுள்ளது. இக்கட்டுரை சென்னை வீடுகளை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனை விளக்குகிறது.

பழைய வீடுகளில் கொல்லை

கொல்லை, கொல்லைப்புறம், புழக்கடை, புறவாசல் என ஊருக்கு ஊர் வெவ்வேறு பெயர்களில் வழங்கும் பின்வெளி, தமிழக வீடுகளில் அழகுத் தோட்டமாக இருந்ததில்லை. அது வேலை செய்யும் இடம். கிணறு, துவைக்கும் கல், தண்ணீர்த் தொட்டி, மாட்டுக் கொட்டகை, விறகு அடுக்கு ஆகியவை அங்கேயே இருந்தன.

அந்தக் கொல்லைகளிலும் தளம் இருந்தது. ஆனால் அது தேவைப்பட்ட இடத்தில் மட்டுமே போடப்பட்டது. கிணற்றைச் சுற்றிக் கருங்கல் பாவிய தரை, துவைக்கும் கல்லின் கீழ் சிறிய மேடை, பின்வாசல் படி ஆகிய மூன்றும் கல்லால் ஆனவை. மற்றது மண்தரை. கிணற்றடியில் சிந்திய நீர் சிறு வாய்க்கால் வழியாக வாழைக்கும் கறிவேப்பிலைக்கும் சென்றது. நீர் எங்கே விழுகிறது, எங்கே போகிறது என்பதை முதலில் தீர்மானித்து, அதன்பின் கல் பாவும் முறை அதில் இருந்தது. இன்றைய சிறு கொல்லைக்கும் இந்த வரிசை பொருந்தும்.

நகரங்களில் மனைகள் சிறியவை ஆனபோது கொல்லையும் சுருங்கியது. சென்னையில் ஒரு கிரவுண்டு என்பது 2,400 சதுர அடி. அரை கிரவுண்டு மனையில் வீடு கட்டியபின் பின்புறம் எஞ்சுவது பெரும்பாலும் சில நூறு சதுர அடியே. சேறு, களை, பூச்சி ஆகியவற்றுக்கு அஞ்சி அந்த இடம் முழுவதையும் சிமெண்டால் மூடிவிடும் வழக்கம் பரவியது. கூட்டுவதும் கழுவுவதும் எளிதாயின. ஆனால் மழைநீர் மண்ணுக்குள் இறங்கும் வழி அடைபட்டது.

மழைக் கணக்கு

ஒரு சதுர மீட்டர் பரப்பில் 1 மி.மீ. மழை பெய்தால் அங்கே விழும் நீர் சரியாக 1 லிட்டர். இந்த எளிய கணக்கைக் கொண்டு எந்தக் கொல்லைக்கும் மழைநீரின் அளவை அறியலாம்.

20 அடி அகலமும் 15 அடி நீளமும் உள்ள கொல்லையின் பரப்பு 300 சதுர அடி, அதாவது சுமார் 28 சதுர மீட்டர். ஒரே நாளில் 50 மி.மீ. மழை பெய்தால் அங்கே விழும் நீர் சுமார் 1,400 லிட்டர். சென்னையின் சராசரி ஆண்டு மழை ஏறத்தாழ 1,400 மி.மீ. எனவே அதே இடத்தில் ஓர் ஆண்டில் விழுவது சுமார் 39,000 லிட்டர். இந்த மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில், அதுவும் சில கனமழை நாள்களில், கிடைத்துவிடுகிறது.

முழுவதும் சிமெண்டு பூசிய கொல்லையில் இந்த நீரின் பெரும்பகுதி தெருவுக்கு ஓடுகிறது. தெரு உயர்ந்து வீடு தாழ்ந்திருந்தால் கொல்லையிலேயே தேங்குகிறது. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் வெளியேறும் சில ஆயிரம் லிட்டர் சேரும்போது தெருவின் மழைநீர் வடிகால் தாங்குவதில்லை. 2015 டிசம்பரில் சென்னை பெருவெள்ளத்தைக் கண்டது. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் ஏறத்தாழ வறண்டு, மக்கள் லாரித் தண்ணீருக்குக் காத்திருந்தனர். இவற்றின் காரணங்கள் பல. கொல்லைத் தளம் அவற்றில் ஒரு சிறு பங்கே. ஆனால் வீட்டுக்காரர் தம் கையால் மாற்றக்கூடிய பங்கு அது.

மண்ணை அறிதல்

ஒரே நகரத்திலும் மண் இடத்துக்கு இடம் மாறுகிறது. சென்னையில் பெசன்ட் நகர், திருவான்மியூர் போன்ற கடலோரப் பகுதிகளில் மணற்பாங்கான நிலம் உள்ளது. அங்கே நீர் விரைவாக இறங்கும். நகரின் மேற்குப் பகுதிகள் பலவற்றில் களிமண் மிகுதி. அங்கே நீர் மெதுவாகவே இறங்கும். கிண்டி, பரங்கிமலைப் பக்கங்களில் சிறிது ஆழத்திலேயே பாறை தட்டுப்படும். கடலோர வீடுகளில் மழைநீர் மண்ணுக்குள் இறங்குவது மேலும் முக்கியமானது. நிலத்தடியில் நன்னீர் குறையும் இடத்தில் கடல்நீர் உட்புகுந்து கிணறுகள் உப்பாகின்றன.

தம் வீட்டு மண்ணை அறிய ஓர் எளிய சோதனை போதும். கொல்லையில் ஓரடி அகலம், ஓரடி ஆழத்தில் குழி தோண்டி நீர் நிரப்ப வேண்டும். அந்த நீர் முழுவதும் இறங்கியபின் மறுபடி நிரப்பி, வற்ற ஆகும் நேரத்தைக் குறிக்க வேண்டும். மணலில் சில நிமிடங்களில் வற்றிவிடும். கெட்டியான களிமண்ணில் பல மணி நேரம் நிற்கும். முதல்முறை ஊற்றிய நீரை உலர்ந்த மண் வேகமாகக் குடித்துவிடுவதால், இரண்டாம் முறை எடுக்கும் நேரமே சரியான அளவு.

திட்டமிடல்

தளம் போடுமுன் வெள்ளைத்தாளில் கொல்லையின் வரைபடம் ஒன்றை அளவுடன் வரைந்துகொள்வது நல்லது. அதில் கீழ்க்காணும் பொருள்களின் இடங்களைக் குறிக்க வேண்டும்.

• கிணறு, ஆழ்துளைக் கிணறு, மோட்டார்
• நிலத்தடித் தண்ணீர்த் தொட்டியான சம்ப், அதன் மூடி
• கழிவுநீர்த் தொட்டி, சாக்கடைக் குழாய், ஆய்வுத் தொட்டிகளின் மூடிகள்
• மொட்டைமாடியிலிருந்து மழைநீர் இறங்கும் குழாய்கள்
• நிற்கும் மரங்கள்
• காலை, மாலை வெயில் விழும் பக்கங்கள்
• பக்கத்து வீட்டு ஜன்னல்கள்

இவற்றுள் மூடிகளைக் குறிப்பது மிக இன்றியமையாதது. கழிவுநீர்த் தொட்டியின் மூடிமேல் டைல்ஸ் ஒட்டிவிட்டுப் பின்னர் அடைப்பு ஏற்படும்போது தளத்தையே உடைக்க நேரிடுகிறது. குடிநீர் சம்பின் வாய் தளத்தைவிடக் குறைந்தது அரை அடி உயர்ந்திருக்க வேண்டும். இல்லையேல் தளத்தில் தேங்கும் மழைநீர் உள்ளே புகும்.

அடுத்து, கொல்லை எதற்காக என்று முடிவு செய்ய வேண்டும். சிறிய இடத்தில் எல்லாவற்றையும் திணித்தால் ஒன்றுக்கும் இடம் போதாது. நான்கு பேர் நாற்காலி போட்டு அமர 10 அடிக்கு 10 அடி இடம் தேவை. ஒருவர் வாளியுடன் நடக்க 3 அடி அகலப் பாதை வேண்டும். துணி துவைக்கவும் பாத்திரம் தேய்க்கவும் 5 அடிக்கு 6 அடி போதும்.

மேற்கண்ட 300 சதுர அடிக் கொல்லையை இவ்வாறு பிரிக்கலாம்: அமரும் இடம் 100, பத்தடி நீளப் பாதை 30, துவைக்கும் இடம் 30. ஆக மொத்தம் 160 சதுர அடி தளம். எஞ்சிய 140 சதுர அடி மண்ணாக இருக்கும். அதில் ஒரு மரம், ஓரச் செடிகள், ஓர் உறிஞ்சுகுழி ஆகிய மூன்றும் அடங்கும். இந்த 160 சதுர அடியிலும் முழுமையாக நீர் புகாத தளம் தேவைப்படுவது துவைக்கும் இடமான 30 சதுர அடிக்கு மட்டுமே.

தளப் பொருள்கள்

கருங்கல்: நெடுங்காலம் உழைக்கும். மேல்பக்கம் கொத்திய சொரசொரப்பான பலகைக்கல் ஈரத்திலும் வழுக்காது. பாலீஷ் செய்த கிரானைட் திறந்தவெளிக்கு ஏற்றதன்று. மழையில் அது கண்ணாடி போல் வழுக்கும்.

கடப்பாக்கல்: ஆந்திரத்தின் கடப்பா பகுதியில் கிடைக்கும் கரிய சுண்ணாம்புக்கல். சீராகப் பிளவுபடுவதால் பலகைகளாக எளிதில் கிடைக்கும். நிறம் கருமையாதலால் வெயிலில் மிகவும் சூடேறும். வெறுங்காலுடன் நடக்கும் இடத்தில் நிழல் இருந்தால் மட்டுமே பயன்படுத்தலாம். அமிலம் கலந்த கழுவுநீர் பட்டால் மேற்பரப்பு அரிக்கும்.

செங்கல்: நன்கு வெந்த, தட்டினால் கணீரென ஒலிக்கும் கல்லே தளத்துக்கு உதவும். பக்கவாட்டில் நிறுத்திப் பதித்தால் பலம் கூடும். நிழலான ஈரமான இடத்தில் பாசி பிடிக்கும்.

பேவர் பிளாக்: அச்சில் வார்த்த சிமெண்டுக் கட்டை. ஒன்றோடொன்று கோத்து நிற்பதால் கலவை இல்லாமலேயே பதிக்கலாம். நடக்கவும் இருசக்கர வண்டி நிறுத்தவும் 60 மி.மீ. கனமும், கார் நிறுத்த 80 மி.மீ. கனமும் வழக்கில் உள்ளன. பின்னர் குழாய் பதிக்க வேண்டியிருந்தால் கட்டைகளைப் பெயர்த்து மீண்டும் அதே இடத்தில் பதிக்கலாம் என்பது இதன் பெரிய நன்மை.

டைல்ஸ்: வெளியிடத்துக்கென விற்கப்படும் சொரசொரப்பான வகையையே தேர்ந்தெடுக்க வேண்டும். டைல்ஸ் பதிக்க அடியில் சிமெண்டுத் தளம் தேவை. எனவே இது நீர் புகாத தளமாகவே இருக்கும். செட்டிநாட்டில் கையால் செய்யப்படும் ஆத்தங்குடி ஓடுகள் கூரையுள்ள திண்ணைக்கே உகந்தவை.

ஜல்லி, கூழாங்கல்: மிக மலிவானது, நீரை முழுமையாக இறங்க விடுவது. ஆனால் நடக்கவும் நாற்காலி போடவும் இதமாக இராது. சுவரோரங்கள், மழைநீர்க் குழாயின் அடி, செடிகளுக்கு இடைப்பட்ட பகுதி ஆகியவற்றுக்குப் பொருந்தும்.

இடைவெளி விட்ட கல்தளம்: பலகைக்கற்களுக்கு இடையே இரண்டு அங்குலம் விட்டு அதில் புல் அல்லது சிறு ஜல்லி நிரப்புவது. சிறு கொல்லைக்கு இதுவே பல வகையிலும் ஏற்றது. நடக்கக் கல் இருக்கும், நீருக்கு வழியும் இருக்கும்.

பேவர் பிளாக் தளம் எல்லாமே நீரை இறங்க விடும் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. அது சரியன்று. நெருக்கிப் பதித்து நுண்மணல் நிரப்பிய தளத்தில் சிறிதளவு நீரே இறங்கும். சில மாதங்களில் தூசி அடைத்து அதுவும் குறையும். அடியில் சிமெண்டுத் தளம் போட்டு அதன்மேல் பதித்திருந்தால் நீர் இறங்க வழியே இல்லை. கட்டைகளுக்கிடையே 8 முதல் 10 மி.மீ. இடைவெளி விட்டுச் சிறு சிப்ஸ் ஜல்லி நிரப்பி, அடியிலும் ஜல்லிப் படுக்கையே அமைத்தால்தான் அது நீர் இறங்கும் தளமாகும்.

தளம் போடும் முறை

நீர் இறங்கும் தளம் ஒன்று அமைக்கும் படிகள் வருமாறு.

1. முளை அடித்து நூல் கட்டி, மூலைமட்டத்தால் மூலைகளைச் சரிபார்க்க வேண்டும்.

2. செடி வேர், குப்பை, கட்டட இடிபாடு ஆகியவற்றை நீக்கி ஏழரை முதல் எட்டு அங்குலம் தோண்ட வேண்டும். இது 4 அங்குல ஜல்லி, 1 அங்குலச் சிப்ஸ் படுக்கை, 60 மி.மீ. கட்டை ஆகிய மூன்றுக்கும் சேர்த்த ஆழம்.

3. அடிமண்ணைத் திமிசுக்கட்டையால் சமப்படுத்த வேண்டும். களிமண்ணாயின் அதன்மேல் நீர் ஊடுருவும் ஜியோ துணி விரிப்பது நல்லது. அது மண்ணும் ஜல்லியும் கலந்துவிடாமல் காக்கும்.

4. தூசி இல்லாத 20 மி.மீ. ஜல்லியை இரண்டு அடுக்காகக் கொட்டி, ஒவ்வோர் அடுக்கையும் தனித்தனியே இடித்து இறுக்க வேண்டும். 100 சதுர அடிக்கு சுமார் 40 கன அடி ஜல்லி தேவைப்படும். சந்தையில் ஒரு யூனிட் என்பது 100 கன அடி.

5. சுற்றிலும் ஓரக்கல் நிறுத்தி அதன் அடியை மட்டும் கான்கிரீட்டில் பிடித்துவிட வேண்டும். ஓரக்கல் இல்லாத தளம் நாளடைவில் பக்கவாட்டில் நகர்ந்து, கட்டைகள் பிரியும்.

6. சிப்ஸ் ஜல்லியைப் பரப்பி, நேரான சட்டத்தால் இழுத்துச் சமன் செய்ய வேண்டும். இங்கே குவாரித் தூளைப் பயன்படுத்தக் கூடாது. அது நனைந்து இறுகி நீரைத் தடுக்கும்.

7. கட்டைகளை ஒரு மூலையிலிருந்து தொடங்கிப் பதித்து, இடைவெளிகளில் சிப்ஸ் நிரப்பி, ரப்பர் சுத்தியலாலோ அதிர்வு இயந்திரத்தாலோ அமர்த்த வேண்டும்.

தளம் இறங்கிவிட்டது, கட்டை ஆடுகிறது என்ற குறைகளுக்குக் காரணம் பெரும்பாலும் மேலே தெரியும் கல் அன்று. மூன்றாம், நான்காம் படிகளில் இடிக்காமல் விட்ட அடித்தளமே காரணம். எனவே மேற்கல் பதிக்குமுன் அடித்தளத்தை வீட்டுக்காரர் நேரில் பார்ப்பது பயனுள்ளது.

வாட்டமும் வடிகாலும்

தளம் பார்வைக்குச் சமமாகத் தோன்றினாலும் ஒரு பக்கம் சிறிது சரிந்திருக்க வேண்டும். கொத்தனார்கள் இதை வாட்டம் என்பர். 100-க்கு 1 முதல் 50-க்கு 1 வரை வாட்டம் போதுமானது. அதாவது பத்தடி நீளத்துக்கு ஏறத்தாழ ஒன்றேகால் முதல் இரண்டரை அங்குலம். ரசமட்டம் குறைந்த நீளத்தையே காட்டும். நீண்ட தளத்துக்கு நீர் நிரப்பிய தெளிவான பிளாஸ்டிக் குழாயைப் பயன்படுத்துவது துல்லியமானது.

வாட்டம் எப்போதும் வீட்டுச் சுவரிலிருந்து விலகிச் செல்ல வேண்டும். அது சேருமிடம் தெருவாக இல்லாமல் கொல்லையின் மண்பகுதியாகவோ உறிஞ்சுகுழியாகவோ இருக்க வேண்டும். பக்கத்து மனைக்கு நீரைத் தள்ளுவது சச்சரவில் முடியும். தளத்தின் மேல்மட்டம் வீட்டின் உள்தரையைவிடக் குறைந்தது ஆறு அங்குலம் தாழ்ந்திருக்க வேண்டும். பழைய தளத்தின்மேலேயே புதிய தளத்தை ஏற்றிக்கொண்டே போகும் வீடுகளில் இந்த இடைவெளி மறைந்து, சுவரில் ஈரம் ஏறுகிறது.

துவைக்கும் இடத்தின் நீரையும் மழைநீரையும் ஒன்றாகக் கலக்கக் கூடாது. சோப்பு நீர் உறிஞ்சுகுழிக்கோ கிணற்றுக்கோ போகலாகாது. அதைத் தனி வாய்க்காலில் வாழை, கல்வாழை, சேம்பு ஆகியவை நிற்கும் பாத்திக்கு விடலாம். நீர் மிகுதியானால் சாக்கடையில் சேர்க்கலாம்.

உறிஞ்சுகுழி

சிறு கொல்லையில் சுமார் 3 அடி நீளம், 3 அடி அகலம், 5 அடி ஆழத்தில் உறிஞ்சுகுழி ஒன்று அமைக்கலாம். அடியில் பெரிய உடைகல் அல்லது செங்கல் துண்டும், அதன்மேல் ஜல்லியும், மேலே ஓரடி மணலும் நிரப்பி, துளையிட்ட பலகைக்கல்லால் மூடுவர். கழிவுநீர்த் தொட்டியிலிருந்தும் வீட்டு அடித்தளத்திலிருந்தும் இயன்ற அளவு விலகி இருக்க வேண்டும். களிமண் உள்ள இடங்களில் குழியின் அடியிலிருந்து மணற்படுகை தட்டும்வரை துளையிட்டுத் துளைகளுள்ள குழாய் இறக்குவர்.

உறிஞ்சுகுழி இருந்தால் மற்ற இடம் முழுவதையும் மூடிவிடலாம் என்று கருதுவது தவறு. மேற்சொன்ன குழியின் கொள்ளளவு 45 கன அடி, அதாவது சுமார் 1,270 லிட்டர். ஆனால் கல்லும் மணலும் நிரம்பியிருப்பதால் ஒரே நேரத்தில் நிற்கக்கூடிய நீர் அதில் மூன்றில் ஒரு பங்கான 400 லிட்டர் அளவே. 50 மி.மீ. மழையில் 300 சதுர அடிக் கொல்லையில் மட்டும் விழுவது 1,400 லிட்டர். 1,000 சதுர அடி மொட்டைமாடியில் விழுவது மேலும் சுமார் 4,600 லிட்டர். மணற்பாங்கான நிலத்தில் குழி வேகமாக வற்றி மீண்டும் நீரை ஏற்கும். களிமண்ணில் அது இயலாது. ஆகவே குழி, திறந்த மண், நீர் இறங்கும் தளம் ஆகிய மூன்றும் சேர்ந்தே இப்பணியைச் செய்ய முடியும். மொட்டைமாடி நீர் ஒப்பளவில் தூய்மையானது. அதை வடிகட்டிச் சம்பிலோ கிணற்றிலோ சேர்த்துவிட்டால் குழியின் சுமை குறையும்.

மரமும் வெயிலும்

கல்லும் சிமெண்டும் பகலெல்லாம் வெப்பத்தை வாங்கி இரவில் மெல்ல வெளிவிடுகின்றன. முழுவதும் தளமிட்ட கொல்லையை ஒட்டிய அறை சித்திரை, வைகாசியில் நள்ளிரவிலும் புழுங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். ஈர மண்ணும் இலையும் நீரை ஆவியாக்கி இடத்தைக் குளிர்விக்கின்றன.

மரத்தின் அடிவரை சிமெண்டு பூசுவது அதை மெல்லச் சாகடிக்கும். வேருக்கு நீரும் காற்றும் கிடைக்காமல் போகும். 2013-ஆம் ஆண்டில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், டெல்லியில் மரங்களைச் சுற்றி ஒரு மீட்டருக்குள் உள்ள கான்கிரீட்டை அகற்ற ஆணையிட்டது. வீட்டுக் கொல்லைக்கும் இந்த அளவைக் கொள்ளலாம். அடிமரத்தைச் சுற்றி மூன்றடியாவது மண்ணாக விட வேண்டும். ஆல், அரசு போன்ற பெருமரங்கள் சிறு கொல்லைக்கு ஆகாதவை. கறிவேப்பிலை, எலுமிச்சை, மாதுளை, பவழமல்லி, நந்தியாவட்டை போன்றவை பொருந்தும். முருங்கையின் கிளை காற்றில் எளிதில் முறியும். எனவே அமரும் இடத்துக்கு மேலே அது வளரவிடத் தகாது.

மரம் வளரும்வரை நிழலுக்குப் பந்தல் போடலாம். இரும்புக் குழாய்த் தூண்களில் நிழல்வலை கட்டலாம். மூங்கில் தட்டியோ கீற்றோ வேயலாம். மல்லிகை, சங்குப்பூ, அவரை, புடலை முதலிய கொடிகளை ஏற்றலாம். தகரக் கூரை மழைநீரை ஒரே கோட்டில் கொட்டுவதால் அதற்குக் கீழ் ஜல்லி ஓடை தேவை. புயல் காலத்தில் பறக்காதபடி தூண்கள் கான்கிரீட்டில் ஊன்றப்பட்டிருக்க வேண்டும்.

அமரும் வசதியும் பாதுகாப்பும்

சிறு இடத்தில் நாற்காலிகளைவிட மதிலை ஒட்டிய திண்ணை இடத்தை மிச்சப்படுத்தும். ஒன்றரை அடி உயரமும் ஒன்றேகால் முதல் ஒன்றரை அடி அகலமும் அமர வசதியானவை. செடிப்பாத்தியின் தாழ்சுவரையே அதே உயரத்தில் கட்டினால் அது இருக்கையாகவும் உதவும். பாத்தியின் மண் மதில்சுவரின்மேல் நேராகச் சாயாமல் இருக்க, இடையில் தனிச் சுவர் எழுப்ப வேண்டும்.

வீட்டு முதியவர்கள் கொல்லைக்குப் போவதும் போகாததும் படியைப் பொறுத்தது. படியின் உயரம் 6 அங்குலத்துக்கும் கூடாமலும் கால்வைக்கும் அகலம் 11 அங்குலத்துக்கும் குறையாமலும் எல்லாப் படிகளும் ஒரே அளவாகவும் இருக்க வேண்டும். சக்கர நாற்காலிக்கு சாய்தளம் 12-க்கு 1 என்ற அளவில் அமைய வேண்டும். ஓரடி ஏற்றத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது இதன் பொருள். இடம் போதாதபோது திருப்பி அமைக்கலாம். படியருகே கைப்பிடியும் விளக்கும் தேவை. வெளி மின்னிணைப்புகள் மழை புகாத பெட்டியில், கசிவுமின் துண்டிப்பானுடன் இருக்க வேண்டும்.

பழைய சிமெண்டுத் தளத்தைத் திருத்துதல்

ஏற்கெனவே முழுவதும் பூசிவிட்ட கொல்லையை ஒரேயடியாக இடிக்க வேண்டியதில்லை. மதிலோரத்தில் இரண்டடி அகலப் பட்டையை மட்டும் உடைத்து எடுத்து, மண்ணைக் கொத்திவிட்டு, உரம் கலந்து செடி வைக்கலாம். தளத்தின் வாட்டம் அந்தப் பட்டையை நோக்கி இருந்தால் நீர் தானாக அங்கே சேரும். மரத்தடிச் சிமெண்டை அகற்றுவதும், நீர் தேங்கும் பள்ளத்தில் உறிஞ்சுகுழி தோண்டுவதும் அடுத்தடுத்த ஆண்டுகளில் செய்யத்தக்கவை. மழைக்காலத்தில் ஒருமுறை கொல்லையைக் கவனித்தால் நீர் எங்கே நிற்கிறது என்பது தெரியும். எங்கே உடைப்பது என்பதை அதுவே காட்டிவிடும். உடைத்த துண்டுகளை உறிஞ்சுகுழியின் அடியில் போடலாம்.

பராமரிப்பு

• வடகிழக்குப் பருவமழைக்கு முன், புரட்டாசியில், உறிஞ்சுகுழியின் மேல்மணலை எடுத்துக் கழுவியோ மாற்றியோ போட வேண்டும். வடிகால் வலையில் சேர்ந்த இலைகளை அகற்ற வேண்டும்.
• கட்டைகளின் இடைவெளியில் அடைத்த தூசியை அழுத்தமான துடைப்பத்தால் கூட்டி, குறைந்த சிப்ஸை நிரப்ப வேண்டும்.
• பாசியைத் தேங்காய்நார்த் தூரிகையால் தேய்த்து எடுக்கலாம். அமிலம் ஊற்றுவது கல்லையும் செடியையும் கெடுக்கும்.
• டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு, தேங்கிய தெளிந்த நீரில் ஒரு வாரம் முதல் பத்து நாளுக்குள் முட்டையிலிருந்து முழுக்கொசுவாகிவிடும். தொட்டித் தட்டு, தளத்தின் பள்ளம், துவைக்கும் கல்லின் குழிவு ஆகியவற்றை வாரம் ஒருமுறை உலர்த்தினால் அந்தச் சுழற்சி அறுபடும்.

சட்ட நிலை

தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டில் அனைத்துக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. 2019-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், மனை எல்லைக்கும் கட்டடத்துக்கும் இடையே திறந்தவெளி விட வேண்டும் என்கின்றன. கொல்லைப்புறம் பெரும்பாலும் இந்தத் திறந்தவெளியே. எனவே நிலையான கூரையோ அறையோ எழுப்புமுன் உள்ளாட்சி அலுவலகத்தில் விதிகளைக் கேட்டறிவது அவசியம். தளம், தாழ்ந்த இருக்கை, செடிப்பாத்தி ஆகியவை இடத்தைத் திறந்தே வைப்பவை. ஆனால் மழைநீர் சேகரிப்புக்காகக் கட்டிய குழியைத் தளத்தின் அடியில் புதைத்துவிட்டால், அந்த ஏற்பாடு வரைபடத்தில் மட்டுமே மிஞ்சும். குழியின் மூடி எப்போதும் கண்ணுக்குத் தெரியும்படியும் திறக்கும்படியும் இருக்க வேண்டும்.